குட்டியை எப்போது பிரிப்பது: இரண்டு மாதமா, மூன்று மாதமா, தானாக மறக்கும் வரையா?

பால் கறந்து விற்காத வெள்ளாட்டுப் பட்டியில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது எதற்காக? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் எத்தனையாவது நாளில் பிரிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு எண்தான் வரும். தரைக்கு மேலே உயர்த்திப் பரண் கொட்டகை போட்டுத் தலைச்சேரி இன ஆடு வளர்ப்பவர் 60 நாள் என்பார். பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர் நோட்டில் 90 நாள் என்று எழுதி வைத்திருப்பார். விளாத்திகுளம் பக்கம் கன்னி இன நாட்டு ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேட்டால், "அதுவா மறந்துரும், பிரிக்கதுக்கு என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குப் பின்னால் நடந்துவிடுவார். மூன்று பேரும் தப்பாகச் சொல்லவில்லை. மூவரின் வரவு செலவும் வேறு வேறு.

குட்டியின் நன்மைக்காக யாரும் பால் மறக்கடிப்பதில்லை என்பதை முதலில் ஒத்துக்கொண்டுவிடலாம். விட்டால் நாலு மாதம், ஐந்து மாதம்கூட முட்டி முட்டிக் குடிக்கும். அதனால் குட்டிக்கு ஒரு கெடுதலும் கிடையாது. நாம் பிரிப்பதற்குக் காரணம் மூன்றுதான். தாய் சீக்கிரம் அடுத்த சினைக்கு வர வேண்டும். இரட்டைக் குட்டி உறிஞ்சி முதுகெலும்பு தெரிகிற தாய்க்குக் கொஞ்சம் சதை ஏற வேண்டும். கிடாக்குட்டி தன் தாயையும் தங்கையையும் சினையாக்கிவிடக் கூடாது.

பால் பண்ணைக்கு நாலாவதாக இன்னொரு காரணம் உண்டு. அங்கே குட்டி குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் விற்றிருக்கக்கூடிய பால். ஆறு வாரத்தில் பிரி, எட்டு வாரத்தில் பிரி என்று யூடியூப்பில் உலவும் ஆலோசனையில் பாதி அங்கிருந்து வந்தது. கறிக்கு வளர்ப்பவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டால், காட்டில் மேய்ந்து தாய் கொண்டுவரும் பாலை நிறுத்திவிட்டு, கிலோ முப்பது முப்பத்தைந்து ரூபாய்த் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார் என்று ஆகிறது. அதற்கு ஈடாக ஏதாவது கைக்கு வர வேண்டுமே.

ஈற்றுக் கணக்கு

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று, அதாவது மூன்று முறை குட்டி போட, வேண்டும் என்றால், ஒரு ஈற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டு மாதம், சுமார் 240 நாள்தான் இருக்கிறது. 150 போக மிச்சம் 90. குட்டி போட்ட 90 நாளுக்குள் தாய் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். தாய் கிடாவைத் தேடும் பருவம் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் அந்த மூன்று வாரம் போச்சு. அதோடு, கிடா சேர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று வாரம் தாய்க்குத் தினமும் 200 கிராம் சுற்றி, தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் கொடுத்து உடம்பைத் தேற்றினால் சினை நிற்பதும் இரட்டை விழுவதும் கூடும். குட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது கொடுத்தால் அந்தத் தீவனத்தில் பெரும்பகுதி பாலாகிப் போய்விடும். ஆகவே எட்டு மாத இடைவெளியைக் குறிவைப்பவருக்கு 60 நாளிலிருந்து 75 நாளுக்குள் பிரிப்பதற்கு நியாயம் இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு ஈற்று போதும் என்பவருக்கு இந்த நெருக்கடியே இல்லை. 365இல் 150 போனால் 215 நாள் கையில் இருக்கிறது. அவர் ஏன் 60ஆம் நாளில் அவசரப்பட வேண்டும்?

இடையில் ஒன்பது மாதக்காரர்கள் இருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அவர்கள்தான், ஒத்துக்கொள்வதில்லை. ஒரு தாய் ஆறு வருடம் ஈனும் என்று வைத்துக்கொண்டால் எட்டு மாத இடைவெளியில் 9 ஈற்று, ஒன்பது மாத இடைவெளியில் 8 ஈற்று, வருடத்துக்கு ஒன்று என்றால் 6. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஆயுசு முழுக்க ஒரே ஒரு ஈற்றுதான் வித்தியாசம். அந்த ஒரு ஈற்றுக்காக ஒவ்வொரு தடவையும் குட்டியை 60ஆம் நாளில் பிரித்து, தீவனம் வாங்கி, கழிச்சலோடு மல்லுக்கட்டுவது உங்கள் பட்டியில் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு வருவதில்தான் பெரிய லாபம் கிடக்கிறது. அதற்கு 60 நாள் தேவையில்லை. 90 நாள் போதும்.

இன்னொன்று. பால் கொடுக்கிற ஆடு பருவத்துக்கு வராது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நம் ஊர் நாட்டு ஆடுகள் வருடம் முழுக்கப் பருவத்துக்கு வருபவை. இடுப்பில் கை வைத்துப் பார்த்தால் எலும்பு கூராகக் குத்தாமல் சதை மூடியிருக்கும் ஆடு, குட்டி குடித்துக்கொண்டிருக்கும்போதே கிடாவுக்கு நிற்கும். எலும்பு குத்துகிற ஆடு குட்டியைப் பிரித்தாலும் உடனே நிற்காது. அதற்குத் தீனிதான் மருந்து. அதனால் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயின் இடுப்பைத் தொட்டுப் பாருங்கள் என்பேன்.

60 நாள்

ஆட்டுக்கு நாலு வயிறு. முதலாவது, இலை தழை புளிக்கிற இரைப்பை. பிறந்த குட்டிக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். குடிக்கிற பால் அதைத் தொடாமல் ஒரு மடிப்புக் குழாய் வழியாக நேரே நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். இரண்டாவது வாரத்தில் இலையைக் கடித்துப் பார்க்க ஆரம்பிக்கும். தானியமும் இலையும் உள்ளே போய்ப் புளித்தால்தான் இரைப்பையின் உட்சுவர் வளரும். பால் மட்டுமே குடித்த குட்டிக்கு வயசு ஆனாலும் அது வளராது. ஆக, 60 நாளில் பிரிக்க முடியுமா என்பது 60ஆம் நாளில் முடிவாகிற விஷயம் இல்லை. 15ஆம் நாளில் குட்டித் தீவனம் வைத்தீர்களா என்பதில் முடிவாகிவிட்டது.

வைத்திருந்தால் பார்க்க வேண்டியவை நாலு. எடை பிறந்தபோது இருந்ததைப் போல மூன்று மடங்காவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு கிலோவில் பிறந்த நாட்டுக் குட்டி என்றால் ஆறு கிலோ, மூன்று கிலோவில் பிறந்த போயர் இனக் கலப்பு என்றால் ஒன்பது. தினமும் 100 கிராம் அடர்தீவனமாவது தானாகத் தின்ன வேண்டும். படுத்து அசைபோட வேண்டும். தொட்டியில் தண்ணீர் குடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியை யாரும் கவனிப்பதில்லை. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். இத்தனை நாள் தாகமும் மடியிலேயே தீர்ந்தது. சித்திரை வெயிலில் பாலை நிறுத்தி, தண்ணீர்த் தொட்டி குட்டியின் கழுத்துக்கு மேலே இருந்தால் இரண்டே நாளில் கண் உள்ளே போய்விடும்.

எடை பார்க்கத் தொங்குதராசும் ஒரு சாக்கும் போதும். கண்மதிப்பு வேண்டாம். பால் வயிறு குறைந்து இலை வயிறு வைக்கிற வயசில் கண் நன்றாக ஏமாற்றும்.

செலவையும் பார்ப்போம். 60ஆம் நாளில் பிரித்த குட்டிக்கு, 90ஆம் நாளில் பிரிப்பதைவிட, அந்த 30 நாளும் தினம் 150 கிராம் தீவனம் கூடுதலாகப் போகும் என்று வைத்தால் 4.5 கிலோ. கிலோ 32 ரூபாய் என்றால் 144 ரூபாய், இரட்டைக்கு 288. இது பெரிய தொகை இல்லை. பெரிய தொகை எங்கே போகிறது என்றால் வளர்ச்சித் தேக்கத்தில். தீவனத்துக்குப் பழகாத குட்டியை 60 நாளில் பிரித்தால் இரண்டு வாரம் எடை ஏறாது, சிலது இறங்கவும் செய்யும். ஒரு கிலோ உயிர் எடை 350, 400 ரூபாய் என்று போகிற சந்தையில் குட்டிக்கு ஒரு கிலோ குறைந்தாலே மேலே சொன்ன தீவனச் செலவைத் தாண்டிவிடுகிறது.

தாய்க்கும் ஒரு சங்கடம் உண்டு. நாட்டு ஆட்டில் மூன்றாவது நாலாவது வாரத்தில் பால் உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெல்ல இறங்கும். எட்டாவது வாரத்தில் இன்னும் மடி கனமாகத்தான் இருக்கும், முக்கியமாகத் தலைச்சேரியிலும் ஜமுனாபாரி கலப்பிலும். அந்த நேரத்தில் சட்டென்று நிறுத்தினால் மடிநோய்க்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி.

அப்படியானால் 60 நாள் யாருக்கு? பரணில் கட்டித்தீனி போட்டு, குட்டித் தீவனத்துக்குத் தனி அறை வைத்து, எடை எழுதி, எட்டு மாத இடைவெளியை நிஜமாகவே பிடித்து வருபவருக்கு. அவரிடமும் எல்லாக் குட்டிக்கும் இல்லை. நாலு சோதனையிலும் தேறியதற்கு மட்டும். மூன்று குட்டி போட்ட தாயிடம் இருக்கும் சோனிக் குட்டி 60ஆம் நாளில் நாலு கிலோ இருந்தால், தேறிய இரண்டையும் பிரித்துவிட்டு அதை மட்டும் தாயிடம் இன்னும் ஒரு மாதம் விடலாம். மூன்று பங்கு பால் அதற்கே கிடைக்கும். இப்படிப் பாதி பாதியாகப் பிரிப்பது நல்ல வழி, ஏனோ யாரும் செய்வதில்லை.

தாய் செத்துப் புட்டிப்பால் குடிக்கும் குட்டியின் கதை வேறு. அங்கே பாலுக்குக் காசு போகிறது, கைவேலையும் அதிகம். தீவனம் எடுக்க ஆரம்பித்தால் எட்டு வாரத்தில் நிறுத்திவிடுவதில் தவறில்லை.

90 நாள்

மூன்று மாதம் என்று பாடத்தில் சொல்வதற்குக் காரணங்கள் வலுவானவை. தாயின் பால் தானாகவே இறங்கியிருக்கும், நிறுத்தினால் மடி தாங்கும். குட்டி தன் தேவையில் பெரும்பகுதியை இலையிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கும். கிடாக்குட்டி ஏறிக் குதித்து விளையாடினாலும் சினையாக்கும் வயசு இன்னும் வரவில்லை. இனத்துக்கும் மேய்ச்சலுக்கும் ஏற்ப நாட்டுக் குட்டிகள் ஏழிலிருந்து பத்து கிலோ வரை நிற்கும்.

இன்னொரு பயனும் இருக்கிறது. 90ஆம் நாளில் எல்லாக் குட்டியையும் நிறுத்துப் பார்த்தால் எந்தத் தாய் நல்ல தாய் என்று தெரிந்துவிடும். ஒற்றைக் குட்டியைப் பத்து கிலோவுக்குக் கொண்டுவந்த தாயைவிட, இரண்டை எட்டெட்டுக் கிலோவுக்குக் கொண்டுவந்த தாய் மேல். அந்த எண்ணை எழுதி வைத்தால் எந்தப் பெட்டைக்குட்டியைப் பட்டியில் நிறுத்துவது, எதை விற்பது என்பதற்கு வேறு சோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு நாளில் பிரித்தால் இந்த ஒப்பீடே செய்ய முடியாது.

என்னைக் கேட்டால், வேறு காரணம் இல்லாத வரைக்கும் 90 நாள்தான். ஆனால் மழையைப் பார்த்துப் பதினைந்து நாள் முன்னே பின்னே நகர்த்தத் தயங்க வேண்டாம். தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மண். ஐப்பசி கார்த்திகையில் பிறந்த குட்டிக்கு 90 நாள் ஆவது தை மாசியில். காட்டில் அப்போது பச்சை மிச்சமிருக்கும், அறுத்த வயலில் தாள் இருக்கும். 75 நாளிலேயே பிரித்தாலும் சமாளித்துவிடும். மாசி பங்குனியில் பிறந்ததற்கு 90 நாள் ஆவது வைகாசி ஆனியில். காடு காய்ந்து கிடக்கும்; குடைவேல நெற்றும் கருவேலங்காயும் பொறுக்கித் தின்கிற காலம். கையில் தீவனம் இல்லையென்றால் அந்தக் குட்டியை இன்னும் ஒரு மாதம் தாயோடு விடுவதே மேல், தாயின் உடம்பு தாங்கினால். தென்மேற்கு மழையும் கிடைக்கிற சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சேலம் கருப்பு இன ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி ஆடியில் இவ்வளவு இறுக்கம் இருக்காது. அவர்கள் தங்கள் ஊர் மழையை வைத்து எண்ணிக்கொள்ளட்டும்.

நாலு மாதமும் அதற்கு மேலும்

மேய்ச்சலை மட்டும் நம்பி, தீவனம் வாங்காமல், வருடத்துக்கு ஒரு ஈற்றோ ஒன்றேகால் ஈற்றோ எடுப்பவர் தாயே உதைத்துத் தள்ளும் வரை விடுவதில் பொருளாதாரத் தப்பு எதுவும் இல்லை. வேலை மிச்சம். குட்டிக்கு வளர்ச்சித் தேக்கமும் குறைவு. சினை பிடித்த தாய் பால் வற்றித் தானே தள்ளிவிடும்.

இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சமரசம் கிடையாது. கிடாக்குட்டி நாலு மாதத்தில் சினையாக்கும், சிலது அதற்கும் முன்பே. பெட்டைக்குட்டியும் நாலு ஐந்து மாதத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோவிலேயே சினை பிடித்துவிடும். அந்தப் பெட்டை அப்புறம் வளராது. ஈனும்போது குட்டி சிக்கிக்கொள்ளும். தாய்க்கு மகனே கிடாவாகிப் போனால் அடுத்த தலைமுறையில் சோனிக் குட்டிகள் வரும். "நாங்க பிரிக்கிறதே இல்ல" என்று சொல்லும் பட்டிகளில் ஆடு சிறுத்துக்கொண்டே வருவதற்கு மேய்ச்சல் குறைந்ததை மட்டும் காரணமாகச் சொல்கிறார்கள். பாதிக் காரணம் உள்ளேயே இருக்கிறது. பெட்டைகளைத் தாயோடு விடுங்கள், பரவாயில்லை. கிடாக்களை நாலாவது மாதம் பிறப்பதற்குள் பிரியுங்கள், அல்லது விதையடித்துவிடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். கோயிலுக்கு நேர்ந்துவிடும் கிடாவும் பக்ரீத்துக்குப் போகும் கிடாவும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பதால் நம் ஊரில் விதையடிக்கப் பலரும் யோசிப்பார்கள். ஆகவே பிரிப்பதுதான் நடைமுறை.

எப்படிப் பிரிப்பது

ஒரேயடியாகப் பிரிப்பது, வேலிக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் வைப்பது, வேளை வேளையாகக் குறைப்பது, மடிக்கோ வாய்க்கோ தடை போடுவது என்று நாலு வழி இருக்கிறது. நாலாவதை முதலில் முடித்துவிடுகிறேன். காம்பில் சாணம் தடவுவது பழைய வழக்கம். காம்பு வழியாகக் கிருமி ஏறுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. வேப்பெண்ணெய் தடவினால் இரண்டு நாள் முகம் சுளிக்கும், மூன்றாம் நாள் கசப்போடு குடிக்கும். மூக்கில் முள் கட்டுவது தாயின் மடியைக் கிழிக்கும், அதைச் செய்யவே வேண்டாம். வாய்க்கூடை போட்டால் பாலோடு இலையும் நின்றுவிடும். இலை தின்ன வைக்கத்தானே இவ்வளவு பாடும்? துணியில் மடிக்குப் பை தைத்துத் தாய்க்குக் கட்டுவது மட்டும் தேறும். அதுவும் எவ்வளவு பிரித்தாலும் தாயைத் தேடி வந்து குடிக்கிற ஒன்றிரண்டு அடங்காத குட்டிக்கு. பட்டி முழுக்கக் கட்டிக்கொண்டிருக்க முடியாது, முள்ளில் கிழியும், வேர்வையில் புண்ணாகும்.

ஒரேயடியாகப் பிரிப்பது இரண்டு கொட்டகை உள்ளவர்களுக்கு. கத்தல் காதில் விழாத தூரம் என்றால் நல்லது. மூன்று நாள் கத்தும், நாலாம் நாள் அடங்கும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். 90 நாள் ஆன நாட்டு ஆட்டுக்கு மடியில் பெரிய தொந்தரவு வராது. 60 நாளில் பிரிப்பவர் இந்த வழியை எடுக்கக் கூடாது.

இதில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். குட்டியைத் தூக்கிப் புதுக் கொட்டகையில் போடுகிறார்கள். தாய் போன துக்கத்தோடு புது இடம், புதுத் தொட்டி, புதுக் கூட்டம் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் தலையில் விழுகிறது. தாயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். குட்டி இருந்த இடத்திலேயே, பழகிய தொட்டியில், பழகிய தோழர்களோடு இருக்கட்டும்.

வேலி முறையில் தாயும் குட்டியும் ஒன்றையொன்று பார்க்கலாம், முகரலாம், குடிக்க மட்டும் முடியாது. கத்தல் குறைவு, குட்டி வேலி ஓரம் நடந்து நடந்து தேய்வதும் குறைவு. பரண் கொட்டகையில் நடுவே ஒரு தடுப்பு போட்டால் முடிந்தது. கம்பி வலையின் கண் சின்னதாக இருக்க வேண்டும். குட்டி வாய் நுழையும் இடைவெளி இருந்தால் தாய் வாகாக ஒட்டி நின்று பால் கொடுத்துவிடும். அதற்கு நம்மைவிட மூளை அதிகம். ஒரு வாரம் கழித்துத் தாயைத் தூரமாக மாற்றிவிடலாம்.

மேய்ச்சல் பட்டிக்கு வேளை வேளையாகக் குறைப்பதுதான் பொருத்தம், ஏனென்றால் அங்கே பாதிப் பிரிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. தாய் பத்து மணிக்கு மேய்ச்சலுக்குப் போய் ஐந்து, ஆறு மணிக்குத் திரும்புகிறது. சின்னக் குட்டி வீட்டில் கூடைக்குள்ளோ அடைப்பிலோ கிடக்கிறது. பகல் பால் அதற்கு எப்போதும் இல்லை. இருப்பது காலைக் குடி, மாலைக் குடி, ராத்திரி முழுக்க நினைத்தபோதெல்லாம் குடிப்பது, அவ்வளவுதான். முதலில் ராத்திரியை நிறுத்துங்கள்: மாலையில் குடித்ததும் குட்டிகளைத் தனி அடைப்பில் விட்டு, அகத்தி, சூபாபுல், வேலிமசால், வேம்பு என்று கிடைத்ததைக் குட்டியின் வாய் எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மாலைக் குடியை நிறுத்துங்கள். இன்னும் ஒரு வாரம் கழித்துக் காலைக் குடியை. காலையைக் கடைசியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம், நிறைமடியோடு ஆட்டைச் சீமைக்கருவேலக் காட்டுக்குள் ஓட்டினால் முள் கீறி அதுவே மடிநோயாக முடியும். காலையில் குட்டி குடித்துவிட்டால் மடி காலியாகப் போகும்.

இந்த வழியின் குறை ஆள் தேவை. தினமும் இரண்டு வேளை பிரித்துச் சேர்க்க ஒருவர் வேண்டும். ஐம்பது குட்டிக்கு மேல் இருந்தால் சலிப்புத் தட்டிவிடும், வேலி முறைக்குப் போய்விடலாம்.

குட்டித் தீவனமும் பிரிக்கும் வாரமும்

மூன்று மாதமோ இரண்டு மாதமோ, குட்டித் தீவனம் பொது. மக்காச்சோளம் 40 பங்கு, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 20, அரிசித் தவிடு 7, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்று கலந்தால் புரதம் 20 சதவீதம் சுற்றி வரும். சோளத்தை மாவாக்காமல் குருணையாக உடைக்க வேண்டும். மழைக்காலத்தில் புண்ணாக்கில் பூஞ்சை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்குங்கள். தாய் நுழைய முடியாமல் குட்டி மட்டும் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு அடைப்பு போட்டால், பகலில் எப்போது வேண்டுமானாலும் போய்த் தின்னும். முந்தின நாள் மிச்சத்தைத் தினமும் எடுத்துத் தாய்க்குப் போட்டுவிடுங்கள். எச்சில் பட்டு நாறியதைக் குட்டி தொடாது.

தானியத்தைத் திடீரென்று கூட்டினால் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய் வரும், அதுவும் நன்றாகத் தின்கிற கொழுத்த குட்டிக்குத்தான் முதலில். பிரிப்பதற்குள் அதற்கான தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும். முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொன்று போட வேண்டும் என்பதால், 90ஆம் நாள் பிரிப்பவர் 55, 60ஆம் நாளிலேயே கால்நடை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி மூன்று மாதம் தாண்டிய பிறகு. குடற்புழு மருந்தும் பிரிப்பதற்குப் பத்து நாள் முன்பே முடிந்திருக்கட்டும். ஊசி, மருந்து, காதுத் தோடு, விதையடிப்பு, இட மாற்றம் எல்லாவற்றையும் ஆள் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்து முடிக்கிற வழக்கம் இருக்கிறது. ஆளுக்குச் சௌகரியம், குட்டிக்குச் சாவு. பிரித்த இரண்டு வாரத்துக்குள் இரத்தக் கழிச்சல் வந்தால் தீவனத்தை மட்டும் குறை சொல்லாமல், தரை ஈரமாக இருக்கிறதா, நெருக்கமாக அடைத்திருக்கிறோமா என்று பாருங்கள். மருத்துவரிடம் சாணத்தையும் காட்டுங்கள்.

தாய்க்குப் பிரிப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து அடர்தீவனத்தை நிறுத்திவிடுங்கள். கடலைக்கொடி, அகத்தி மாதிரி சத்தானதும் வேண்டாம், சோளத்தட்டை போதும். தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள், வெயில் காலத்தில் அதைக் கேட்காதீர்கள். மடி இறுகினாலும் முழுக்கக் கறக்கக் கூடாது, கறந்தால் மறுபடி ஊறும். மடி சூடாக, ஒரு பக்கம் மட்டும் கல்லாக, பால் திரிதிரியாக வந்தால் மட்டும் மருத்துவரிடம். ஒரு வாரத்தில் மடி சுருங்கியதும் அடர்தீவனத்தை மறுபடி ஆரம்பியுங்கள், இந்த முறை கிடா சேர்ப்பதற்காக.

விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும்

மூன்று மாதக் குட்டியை அப்படியே விற்கப்போகிறீர்கள் என்றால் பால் மறக்கடிக்கிற வேலையே உங்களுக்கு இல்லை. தாயோடு இருக்கும் வரை மயிர் பளபளப்பும் முதுகுச் சதையும் இருக்கும். எட்டயபுரம் சந்தைக்குச் சனிக்கிழமை காலை நேராக ஓட்டிப் போவதுதான் லாபம். மோசமான நேரம், பிரித்துப் பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை. வயிறு மட்டும் தொங்கி, முதுகு ஒட்டி, மயிர் சிலிர்த்து நிற்கும் குட்டியை வியாபாரி ஒரு பார்வையிலேயே பாதி விலைக்குக் கேட்பார். பிரித்துவிட்டீர்கள் என்றால் இன்னும் ஒரு மாதமாவது வைத்திருந்து தேற்றி விற்க வேண்டும்.

வளர்த்து விற்கக் குட்டி வாங்குகிறவருக்கு இதுவே தலைகீழ். பால்குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி வண்டியில் ஏற்றி வந்தால் பிரிவும் பயணமும் புது ஊர்த் தண்ணீரும் சேர்ந்து முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு போகும். பிரித்து ஒரு மாதம் ஆன, தீவனம் தின்கிற குட்டியை நூறு இருநூறு கூடக் கொடுத்தே வாங்கலாம். சந்தையில் விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. கையில் ஒரு பிடி தீவனத்தை நீட்டிப் பார்த்தால் தின்று பழகிய குட்டி எது என்று தெரிந்துவிடும்.